ஆயா சம்பளம் 18,000. ஆகும் செலவு எவ்வளவு?

பேறுகால விடுப்பு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது வீட்டில் அந்தப் பேச்சு எழும். குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? எதிர் வீட்டில் விசாரிப்பார்கள். "ஆயாம்மாவுக்குப் பதினெட்டாயிரம் கொடுக்கிறோம்" என்று பதில் வரும். உடனே அந்தப் பதினெட்டாயிரத்தை மனைவியின் சம்பளத்திலிருந்து கழிப்பார்கள். ஏனோ எப்போதும் மனைவியின் சம்பளத்திலிருந்துதான் கழிப்பது வழக்கம். மிச்சம் கணிசமாக இருந்தால் அவள் வேலைக்குப் போகலாம், இல்லாவிட்டால் "ஒரு வருஷம் வீட்டில் இரு" என்று முடிவாகும்.

இந்தக் கணக்கு இரண்டு இடத்தில் இடிக்கிறது. குழந்தை இருவருக்கும் பிறந்தது. செலவும் இருவர் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். அடுத்தது, பதினெட்டாயிரம் என்பது சம்பளம் மட்டும். ஆயா வைத்துக்கொள்வதற்கான மொத்தச் செலவு அதைவிட நன்றாகவே கூடுதல். அந்தக் கூடுதலில் பெரிய பங்கு ஆயா வராத நாட்களில் ஒளிந்திருக்கிறது.

எனவே, தனி ஆயாவா, இரண்டு வீடு சேர்ந்து ஒரே ஆயாவா, காப்பகமா, ஊரிலிருந்து பாட்டியா என்று யோசிப்பவர்கள் ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். இந்த ஏற்பாடு நடக்காத நாளில் குழந்தை யாரிடம் இருக்கும்? அதற்குப் பதில் தெரிந்த பிறகு விலையைப் பேசினால் போதும்.

சென்னையில் பேட்டைக்குப் பேட்டை கூலி மாறுகிறது. அண்ணா நகர் விலை வேறு, மேடவாக்கம் விலை வேறு. இங்கே நான் போடும் தொகைகள் மாதிரிக்குத்தான். உங்கள் தெருவில் விசாரித்த தொகையைப் போட்டுக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். கணக்கின் போக்கு பெரிதாக மாறாது.

தனி ஆயா

காலை எட்டரை முதல் மாலை ஆறரை வரை, ஞாயிறு விடுமுறை, மாதம் 18,000 ரூபாய் என்று பேசி வைத்ததாகக் கொள்வோம். வருடத்துக்கு 2,16,000. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுப்பது எழுதப்படாத சட்டம், 18,000 சேர்த்துக்கொள்ளுங்கள். ஏஜென்சி மூலம் வந்தவர் என்றால் ஒரு மாதச் சம்பளம் கமிஷன், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி: 21,240. காலை டீ, டிபன், மதியச் சாப்பாடு, மாலைக் காபி எல்லாம் நம் வீட்டில்தான். ஒரு நாளைக்கு 100 ரூபாய் என்று வைத்தால் 26 நாளுக்கு 2,600, வருடத்துக்கு 31,200.

போக்குவரத்தில் கொஞ்சம் மிச்சம். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் ஓ.எம்.ஆர் அடுக்ககங்களுக்கு வேலைக்கு வரும் பெண்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் பேருந்து நிறுத்தத்திலிருந்து உங்கள் கேட் வரை ஷேர் ஆட்டோ என்றால், போக வர 40 ரூபாய் ஆகும். அதை ஆயா தன் சம்பளத்திலிருந்து கொடுத்தால் ஒரு மாதத்திலேயே வேறு வீடு தேடிப் போய்விடுவார். நாம் கொடுத்தால் வருடத்துக்கு 12,480. பகல் முழுக்க வீட்டில் ஆள் இருப்பதால் மின்கட்டணம் ஏறும். மே மாதத்தில் குழந்தைக்கு ஏசி போடாமல் இருக்க முடியாது. மாதம் 1,000 என்று வைத்தால் 12,000.

கூட்டினால் 3,10,920. மாதத்துக்குக் கிட்டத்தட்ட 25,900. இதற்கு வருமான வரியில் எந்தக் கழிவும் கிடையாது. வரி கட்டிய பிறகு கையில் வரும் பணத்திலிருந்துதான் போகிறது.

இனி வராத நாட்கள். பேசி வைத்த வார விடுமுறையை இதில் சேர்க்கவில்லை. காலை ஏழே முக்காலுக்கு "அக்கா, இன்னிக்கு வர முடியலக்கா" என்று போன் வரும் நாட்களைச் சொல்கிறேன். மாதம் இரண்டு என்று வைத்தால் வருடத்துக்கு 24. அன்றைக்கெல்லாம் அப்பாவோ அம்மாவோ விடுப்பெடுக்க வேண்டும். அலுவலகம் கொடுக்கும் விடுப்பு தீர்ந்த பிறகு அது சம்பள வெட்டு. மாதம் 60,000 வாங்குபவருக்கு ஒரு நாள் 2,000. 24 நாளுக்கு 48,000, அதாவது மாதம் 4,000. பதினெட்டாயிரம் இப்போது முப்பதாயிரத்தைத் தொட்டுவிட்டது.

இந்த நாட்கள் வானத்திலிருந்து விழுவதில்லை. ஜூனில் பள்ளி திறக்கும். ஆயாவின் பிள்ளைகளுக்குச் சேர்க்கை, சீருடை, புத்தகம். ஆடியில் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். மார்கழி, தை என்றால் மேல்மருவத்தூருக்கு மாலை போட்டிருப்பார். நவம்பர் மழையில் பெரும்பாக்கம் பக்கம் தண்ணீர் நின்றால் பேருந்து ஓடாது. நடந்து வரச் சொல்ல நமக்கு வாயும் வராது. பொங்கலுக்கு ஊருக்குப் போனால் மூன்று நாள் என்பது ஐந்து நாளாகும். வேலைக்குச் சேரும் அன்றே காலண்டரை எடுத்து வைத்து, "எந்தெந்த நாளுக்கு உங்களுக்கு லீவு வேணும், இப்பவே சொல்லுங்க" என்று கேட்டால் பாதி நாட்கள் முன்கூட்டியே தெரிந்துவிடும். தெரிந்த விடுப்புக்கு மாமியாரை வரவழைக்கலாம், வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கேட்கலாம். தெரியாத விடுப்புதான் பணத்தைத் தின்கிறது. மாதம் இரண்டு நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, எடுக்காவிட்டால் மாதக் கடைசியில் அந்த நாளுக்குரிய பணம் கையில் என்று ஏற்பாடு செய்த வீடுகளில் காலை நேரத்துப் போன் குறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வீடு, ஒரு ஆயா

அடுக்ககங்களில் இது மெல்லப் பெருகி வருகிறது. ஏழாவது மாடியில் ஒரு குழந்தை, மூன்றாவது மாடியில் ஒரு குழந்தை. இரண்டு அம்மாக்களும் பூங்காவில் பேசிக்கொண்டு, "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆயா வெச்சுக்கலாமே" என்கிறார்கள். செலவு பாதியாகும் என்பது நினைப்பு.

பாதியாகாது. ஆகவும் கூடாது. இரண்டு குழந்தைகளைப் பார்ப்பவருக்கு ஒரு குழந்தையின் சம்பளம் கொடுப்பது அநியாயம். கொடுத்தால் மூன்று மாதத்தில் ஒற்றைக் குழந்தை உள்ள வீட்டுக்குப் போய்விடுவார். போவதுதான் நியாயம். ஒன்றரை மடங்கு என்பது இரு தரப்புக்கும் ஏற்கத்தக்க தொகை: 27,000. ஒரு வீட்டுக்கு 13,500.

வருடக் கணக்கு, ஒரு வீட்டின் பங்கு: சம்பளம் 1,62,000. தீபாவளிக்கு 13,500. ஏஜென்சி கமிஷன் வரியோடு 31,860, அதில் பாதி 15,930. சாப்பாடு 15,600. போக்குவரத்து 6,240. மின்சாரம் கொஞ்சம் கூடும், பங்கு 9,000 என்று வைப்போம். மொத்தம் 2,22,270. மாதத்துக்கு ஏறக்குறைய 18,500. தனி ஆயாவின் 25,900-த்தோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு 28 ரூபாய்தான் மிச்சம்.

ஆனால் பெரிய லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆயா வராத 24 நாளையும் இரண்டு வீடுகளும் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளலாம். இந்த முறை ஏழாவது மாடி அப்பா விடுப்பெடுத்து இரண்டு குழந்தைகளையும் பார்த்தால், அடுத்த முறை மூன்றாவது மாடி அம்மா. ஒரு வீட்டுக்கு 12 நாள்தான். சம்பள வெட்டு 48,000 என்பது 24,000 ஆகிறது. அதையும் சேர்த்தால் மாதம் 20,500; தனி ஆயாவுக்கு 29,900. பகிர்வதில் உள்ள உண்மையான ஆதாயம், காலை ஏழே முக்காலுக்குக் கூப்பிட இன்னொரு வீடு இருப்பது. அந்த நாளை மாற்றிக்கொள்ளத் தயாராக இல்லாத குடும்பத்தோடு சேர்வதில் அர்த்தமில்லை. பூங்காவில் பேசும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். "அன்னிக்குப் பார்த்துக்கலாம்" என்று நழுவினால் நீங்களும் நழுவிவிடுங்கள்.

அடுத்த சிக்கல், யார் வீட்டில்? ஒரே வீட்டில் என்றால் குழந்தைகளுக்கும் ஆயாவுக்கும் வசதி. தொட்டில், பால் பாட்டில், சமையல் எல்லாம் ஓரிடத்தில். ஆனால் அந்த வீட்டுக்காரருக்குத் தேய்மானம்: சோபாவில் கறை, தரையில் பிசைந்த சாதம், பகலில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு இரண்டு குழந்தைகளின் அழுகை. வாரம் ஒரு வீடு என்று மாற்றினால் நியாயமாகத் தெரியும், ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூங்கும் இடம் வாரத்துக்கு வாரம் மாறினால் மதியத் தூக்கம் போச்சு. ஒரே வீட்டில் வைத்துவிட்டு, அந்த வீட்டுக்குப் பங்கில் ஆயிரம் ரூபாய் குறைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது. அந்த ஆயிரத்தை வாங்கிக்கொள்ளும் வீட்டுக்காரர் பிறகு கறையைப் பற்றிப் பேசக் கூடாது.

எந்த வீட்டில் நடக்கிறதோ அந்த வீட்டு வேலை மெதுவாக ஆயாவின் தலையில் ஏறும். முதல் வாரம், "குழந்தை பாட்டிலோட இந்த ரெண்டு டம்ளரையும் கழுவிடுங்க." மூன்றாவது வாரம் தேய்ப்பதற்கு மொத்தப் பாத்திரமும் இருக்கும். இன்னொரு வீட்டுக்காரர் இதைப் பார்த்து, "நாங்க பாதி சம்பளம் கொடுக்கிறோம், உங்க வீட்டுப் பாத்திரம் கழுவவா?" என்று மனதுக்குள் கேட்பார். வாயைத் திறந்து கேட்க மாட்டார். ஆறு மாதம் கழித்து வேறு காரணம் சொல்லிப் பிரிந்துவிடுவார். குழந்தையின் துணி, குழந்தையின் சாப்பாடு, குழந்தை விளையாடிய இடம் — இவ்வளவுதான் வேலை என்று மூன்று தரப்பும் கேட்கச் சொல்லிவிடுவது நல்லது. ஆயாவும் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். நின்றுகொண்டிருக்கக் கூடாது.

வயது இன்னொரு பொருத்தம். இரண்டு கைக்குழந்தைகள் என்றால் ஒருத்தருக்கு நடக்காத காரியம். ஒன்றுக்குப் பால் கொடுக்கும்போது மற்றது அழும், அழுதுகொண்டேயிருக்கும். ஏழு மாதக் குழந்தையும் இரண்டரை வயதுக் குழந்தையும் என்றால் ஓரளவு சமாளிக்கலாம். பெரியது தூங்கும் நேரத்தில் சின்னதைக் குளிப்பாட்டலாம், பெரியது விளையாடுவதைப் பார்த்தே சின்னது கொஞ்ச நேரம் இருக்கும். ஆனால் இரண்டரை வயதுக்குக் கை நீளம். சின்னது பக்கத்தில் ஒரு நிமிடம்கூடத் தனியாக விட முடியாது. குழந்தைகளின் வேலை தவிர வேறெதையும் ஆயா செய்யக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

காய்ச்சல் வந்தால்? ஒரு குழந்தைக்குச் சளி என்றால் மறுவாரம் மற்றதுக்கு. காய்ச்சல் உள்ள குழந்தை அதன் வீட்டிலேயே இருக்கும், அந்த நாளுக்கும் பங்குத் தொகை உண்டு என்பது எளிய விதி. வெறும் மூக்கொழுகலுக்கும் இந்த விதியைப் போட்டால் நவம்பரிலிருந்து ஜனவரி வரை யாரும் வேலைக்குப் போக முடியாது.

பணத்தில் இன்னொரு இடம் இருக்கிறது, பெரும்பாலோர் யோசிக்காதது: கைமாத்து. ஜூனில் பள்ளிக் கட்டணம், திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு, தங்கச்சி கல்யாணம். ஆயா பத்தாயிரம் முன்பணம் கேட்பார். ஒற்றை வீடு என்றால் கொடுத்துவிட்டு மாதம் ஆயிரமாகப் பிடித்துக்கொள்ளலாம். இரண்டு வீடு என்றால் யாரிடம் கேட்பார்? மென்மையாகப் பேசுபவரிடம். அவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. பிறகு மற்றவரிடமும் கேட்பார். இதில் ஆயாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, தேவை இருக்கும்போது இரண்டு கதவு திறந்திருந்தால் யாரும் இரண்டையும் தட்டுவார்கள். முன்பணம் எவ்வளவு வரை, இரு வீடும் சமமாக, எத்தனை மாதத்தில் கழிப்பது என்று முன்பே பேசி வைத்தால் மனத்தாங்கல் வராது. சம்பளத்தை இரு வீடும் ஒரே தேதியில் ஜிபேயிலோ வங்கிக் கணக்கிலோ போட்டுவிடுவது உத்தமம். ஒரு வீடு ஒன்றாம் தேதியும் இன்னொரு வீடு ஏழாம் தேதியும் கொடுத்தால் ஆயாவின் வாடகை நடுவில் மாட்டிக்கொள்ளும்.

சிங்கப்பூரில் உறவினர் உள்ளவர்கள் இந்தப் பகிர்வு யோசனையை அங்கே சொல்ல வேண்டாம். அங்கே வெளிநாட்டிலிருந்து வரும் பணிப்பெண் பதிவு செய்த முகவரியில் மட்டுமே வேலை பார்க்கலாம். பக்கத்து வீட்டுக் குழந்தையைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னால் வேலைக்கு வைத்தவருக்குத்தான் அபராதம். சம்பளத்துக்கு மேல் அரசுக்கு மாதம் 300 வெள்ளி தீர்வை. 16 வயதுக்குட்பட்ட சிங்கப்பூர்க் குடியுரிமைக் குழந்தை இருந்தால் 60 வெள்ளி. நமக்கு அப்படி ஒரு தடையும் இல்லை, தீர்வையும் இல்லை. இரண்டு குடும்பமும் ஆயாவும் பேசி முடிப்பதுதான் இங்கே ஒப்பந்தம்.

காப்பகம்

மாதம் 12,000, சேர்க்கைக் கட்டணம் 15,000 என்றால் வருடத்துக்கு 1,59,000. மாதம் 13,250. கணக்கில் மலிவு இதுதான். ஆயா வரவில்லையே என்ற கவலை உங்களுடையது அல்ல, காப்பகத்துக்காரருடையது. கேமரா இருக்கும், நாலு பேர் கண் இருக்கும்.

இங்கே நடக்காத நாள் வேறு மாதிரி வரும். ஆயா ஏற்பாட்டில் ஆயாவுக்கு உடம்பு சரியில்லாவிட்டால் சிக்கல். காப்பகத்தில் குழந்தைக்கு உடம்பு சரியில்லாவிட்டால் சிக்கல். காய்ச்சலோடு சேர்க்க மாட்டார்கள், சேர்க்கவும் கூடாது. பத்துப் பிள்ளைகளோடு புழங்கத் தொடங்கும் முதல் வருடத்தில் சளியும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் அடுத்தடுத்து வரும். அந்த வருடத்தில் 30 நாள் வீட்டில் இருக்க வேண்டி வந்தால், அதே 2,000 ரூபாய்க் கணக்கில் 60,000. மாதம் 5,000 கூடி 18,250 ஆகிறது. பகிர்ந்த ஆயாவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சுமார் இரண்டாயிரம்தான். இரண்டாம் வருடத்தில் நோய் குறையும்போது காப்பகம் தெளிவாக மலிவாகிவிடும். இரண்டு வயதுக்கு மேல் பேச்சும் விளையாட்டும் தேடும் குழந்தைக்கு இதுவே சிறந்தது என்பது என் எண்ணம். ஆறு மாதக் குழந்தைக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

ஒன்று மறக்க வேண்டாம். பேறுகாலச் சட்டத்தின் 2017 திருத்தம் 26 வார விடுப்போடு இன்னொன்றையும் கொண்டுவந்தது: 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். பல நிறுவனங்கள் பக்கத்துக் காப்பகத்தோடு ஏற்பாடு செய்து கட்டணத்தில் ஒரு பகுதியைத் தாங்களே கட்டுகின்றன. இதை யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள். விடுப்பில் இருக்கும்போதே ஹெச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். கட்டணத்தில் பாதி நிறுவனம் கட்டினால் மேலே போட்ட கணக்கெல்லாம் தலைகீழாகும்.

அங்கன்வாடியைப் பற்றி நடுத்தர வர்க்க வீடுகளில் பேச்சே எழுவதில்லை. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேல் அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன; இரண்டு வயதிலிருந்து பிள்ளைகளை விடலாம், மதிய உணவும் உண்டு, கட்டணம் இல்லை. மாலை வரை வைத்திருக்க மாட்டார்கள் என்பதால் முழு நேர வேலைக்கு இது மட்டும் போதாது. பாட்டி இருக்கும் வீட்டில் காலை நேரத்துக்கு நல்ல ஏற்பாடு.

வீட்டோடு தங்கும் ஆயா

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு இது தேவையில்லை. ஷிப்ட் வேலையோ இரட்டைக் குழந்தையோ இருந்தால் மட்டும் யோசிக்கலாம். சம்பளம் பகல் ஆயாவைவிடக் கூட. அதோடு மூன்று வேளைச் சாப்பாடு, எண்ணெய், சோப்பு, மொபைல் ரீசார்ஜ், வருடத்துக்கு இரண்டு முறை ஊருக்குப் போய்வரும் செலவு. தனி அறை இல்லாவிட்டாலும் கதவு சாத்திக்கொள்ளும் ஓர் இடம் வேண்டும். ஹாலில் பாய் போட்டுப் படுக்கச் சொல்லிவிட்டு "எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்று சொல்வது யாரையும் ஏமாற்றாது. இரவில் குழந்தைக்கு எழுந்தால் மறுநாள் பகலில் அவருக்குத் தூக்கம் வேண்டும். அந்த நேரத்துக்குக் குழந்தை யாரிடம் என்ற கேள்வி இங்கேயும் வந்து நிற்கிறது.

ஏஜென்சி சின்னப் பெண்ணை அனுப்பினால் ஆதாரைப் பாருங்கள். 14 வயதுக்குட்பட்டவரை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபரிலிருந்தே குற்றம். பதினெட்டு நிரம்பாத யாரிடமும் கைக்குழந்தையை ஒப்படைக்க வேண்டாம். அவளே ஒரு பிள்ளை.

பாட்டி

"அம்மா வந்துட்டாங்க, செலவே இல்லை" என்பார்கள். திருநெல்வேலியில் அப்பா தனியாக ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருப்பார். பாட்டியின் முழங்கால் பத்துக் கிலோக் குழந்தையைத் தூக்கித் தூக்கி வீங்கும்; அந்தச் செலவு எலும்பு மருத்துவரிடம் வந்து சேரும். அறுபத்தைந்து வயதில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் கைக்குழந்தையைப் பார்ப்பது, எந்த அலுவலகமும் யாரிடமும் கேட்காத வேலை.

ஆனால் பாட்டியும் அரை நாள் ஆயாவும் சேர்ந்தால், இந்த ஊரில் கிடைக்கும் ஏற்பாடுகளில் அதுவே மேல் என்பேன். காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை ஆயா வந்து குளிப்பாட்டி, துணி துவைத்து, சோறூட்டி, தூங்க வைத்துவிட்டுப் போவார். தூக்குவது, குனிவது எல்லாம் ஆயா. கண்ணும் தீர்மானமும் பாட்டி. அரை நாள் சம்பளம் முழு நாளின் பாதியைவிடச் சற்றுக் கூடவே இருக்கும், இருந்தாலும் தனி ஆயா செலவில் முக்கால்வாசிக்கு மேல் போகாது. ஆயா வராத நாளில் பாட்டி சமாளிப்பார். பாட்டி ஊருக்குப் போகும் மாதத்தில் ஆயாவை முழு நாளுக்குக் கேட்கலாம், பழகிய ஆள். பிறந்த குழந்தைக்கு முதல் நாற்பது நாள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வந்த அம்மாவையே இதற்குக் கேட்டுப் பாருங்கள். ஏஜென்சியைவிட நல்ல ஆட்கள் அவர் மூலமாகத்தான் கிடைக்கிறார்கள்.

ஏஜென்சியும் காகிதமும்

ஏஜென்சி ஒப்பந்தத்தில் படிக்க வேண்டிய வரி, ஆள் நின்றுவிட்டால் மாற்று ஆள் எத்தனை நாளில், எத்தனை முறை என்பது. "உடனே அனுப்புவோம்" என்று வாயால் சொல்வது கணக்கில் வராது. பகிர்வு ஏற்பாடு என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு வீட்டிடமும் முழுக் கமிஷன் கேட்பவர்கள் உண்டு. நீங்கள் கொடுக்கும் சம்பளத்தில் ஆயாவின் கைக்கு எவ்வளவு போகிறது என்றும் கேளுங்கள். மாதாமாதம் பிடித்தம் செய்யும் இடமென்றால், கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்ததும் அவர் கிளம்பிவிடுவார்.

ஆதார் நகல் போதும், அசலை வாங்கி வைப்பது தப்பு. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டுப் பணியாளர் சரிபார்ப்புக்குக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். அதைவிடப் பயனுள்ளது, முன்பு வேலை பார்த்த இரண்டு வீட்டாரிடம் பேசுவது. "எப்படி, நல்லவங்களா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். "ஏன் நின்னாங்க? லீவு எப்படிச் சொல்வாங்க?" என்று கேளுங்கள். வீட்டில் சிசிடிவி இருந்தால் அதையும் ஆயாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நம் பக்கத்திலிருந்தும் ஒன்று செய்யலாம். தமிழ்நாட்டில் 2007 முதல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்தவருக்குப் பிள்ளைகளின் கல்வி உதவி, விபத்து உதவி, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் உண்டு. பல ஆயாக்கள் பதிவு செய்திருக்க மாட்டார்கள். படிவம் நிரப்ப அரை மணி நேரம் ஒதுக்கினால், கைமாத்து கேட்கும் தேவையும் கொஞ்சம் குறையும்.

பிரியும் நாளுக்கும் முன்பே வழி வேண்டும். பகிர்வில் ஒரு குடும்பம் பெங்களூருக்கு மாற்றலாகிப் போனால், மற்ற வீட்டின் தலையில் அடுத்த மாதமே 27,000 விழும்; அல்லது ஆயாவின் சம்பளம் ஒரே நாளில் 18,000-க்கு இறங்கும். இரண்டும் சரியில்லை. விலகும் வீடு இரண்டு மாதம் முன்னால் சொல்ல வேண்டும், சொல்லாமல் போனால் இரண்டு மாதப் பங்கைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ப்ரீ-கேஜி சேரும் ஜூன் எப்போது வரும் என்பது குழந்தை பிறந்த நாளிலிருந்தே தெரியும். அந்த ஜூனுக்கு முன்னால் மார்ச்சிலேயே ஆயாவிடம் சொல்லிவிட்டு, பூங்காவில் கைக்குழந்தையோடு உலாவும் அடுத்த வீட்டை அவருக்குக் காட்டிவிடலாம்.